கண்ணால் கண்டவர் யாருமில்லை: நெடுஞ்சாலை விபத்தில் தவறு யாருடையது என்று நிரூபித்த அனுபவம்

முதல் தகவல் அறிக்கையில் என் தங்கை கணவர்தான் குற்றவாளி. கார் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, முன்னால் போன லாரியின் பின்பக்கத்தில் மோதி, கட்டுப்பாடு இழந்து சென்டர் மீடியனில் ஏறிவிட்டார் என்று எழுதியிருந்தது. புகார் கொடுத்தவர் லாரி டிரைவர். மாப்பிள்ளை அந்த நேரத்தில் திருச்சியில் ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடந்தார். 2023-ஆம் ஆண்டு, விடியற்காலை நான்கு மணி, உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடையே நான்கு வழிச்சாலை. பக்கத்தில் வீடு இல்லை, கடை இல்லை. அங்கே இருந்த இரண்டு பேரில் ஒருவர் பேசினார், மற்றவரால் பேச முடியவில்லை. பேசியவர் சொன்னதே காகிதத்தில் ஏறியது.

"சாட்சி இல்லைங்க, கேஸ் நிக்காது" என்று எங்களிடம் சொன்னவர்கள் நிறைய. ஸ்டேஷனில் சொன்னார்கள், உறவில் சொன்னார்கள், லாரி உரிமையாளர் தரப்பிலிருந்து சமரசம் பேச வந்தவரும் சொன்னார். கடைசியில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெரும்பங்குத் தவறை லாரி மீதே வைத்தது. அதற்கு உதவியவை என்னென்ன, அவை எங்கே கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் அழிந்துபோகும் என்று எழுதிவைக்கிறேன். இதே நிலையில் நிற்கும் குடும்பங்கள் கையை விரித்துவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இழப்பீட்டு வழக்கில் கொலை வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். இமாச்சலப் பிரதேச அரசுப் பேருந்து சம்பந்தப்பட்ட வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2019-ல் ராஜஸ்தான் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில், நேரில் பார்த்தவரை விசாரிக்கவில்லை என்பதற்காக மட்டும் கோரிக்கையைத் தள்ள முடியாது என்றும் சொன்னது. எங்கள் வழக்கறிஞர் ஒரு பெண்மணி. முதல் சந்திப்பிலேயே, "சார், ஆளைத் தேடி அலையாதீங்க. ரோடும் வண்டியும் என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்றார். எங்கள் வழக்கின் போக்கே அதுதான்.

108-லிருந்து போன் வந்ததும் தங்கையை மருத்துவமனையில் விட்டுவிட்டு நான் விபத்து நடந்த இடத்துக்குப் போனேன். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கிரேன் வைத்து இரண்டு வண்டிகளையும் ஓரத்துக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். போக்குவரத்து நிற்கக் கூடாது என்பதால் நெடுஞ்சாலையில் இது எப்போதும் நடப்பதுதான். ஆனால் வண்டி நகர்ந்தாலும் தரையில் விழுந்தது அங்கேயே கிடந்தது. உடைந்த கண்ணாடி, இண்டிகேட்டரின் ஆரஞ்சு நிறத் துண்டுகள், வண்டிக்கு அடியில் ஒட்டியிருந்து அதிர்ச்சியில் உதிர்ந்த காய்ந்த மண். இந்த மண்தான் முக்கியம். மோதிய நொடியில் இரு வண்டிகளின் அடியிலிருந்தும் கொட்டுவது என்பதால், மோதல் எந்த இடத்தில் நடந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். மண்ணும் ஆரஞ்சுத் துண்டுகளும் வலது தடத்தில், நடுவிலுள்ள விட்டுவிட்டுப் போடப்பட்ட வெள்ளைக் கோட்டுக்கு வலப்புறம் கிடந்தன. அது கார் போன தடம். லாரி இடது தடத்தில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது என்றால், லாரியின் இண்டிகேட்டர் அங்கே எப்படி வரும்?

அங்கிருந்து ஒரு டயர் தடம் வலப்பக்கமாக வளைந்து மீடியன் கல்லில் போய் முடிந்தது. குட்டையான தடம். நேராக நீண்ட தடமாக இருந்தால் அதை வைத்தே வேகத்தைக் கணக்கிடலாம்: உலர்ந்த தார்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு 40 மீட்டர் இழுத்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள கார்களில் தடம் மங்கலாகத்தான் விழும், விழாமலும் போகலாம். எங்களுக்கு அது வேகத்துக்கு உதவவில்லை. கார் எந்தப் பக்கமாகத் தள்ளப்பட்டது என்பதற்கு உதவியது.

படம் எடுப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் தூரத்திலிருந்து, கிலோமீட்டர் கல்லும் சாலையின் வளைவும் தெரியும்படி. பிறகு நடுத்தரத் தூரத்திலிருந்து, துண்டுகள் எந்தத் தடத்தில் கிடக்கின்றன என்று கோட்டோடு சேர்த்து. அதன் பிறகு கிட்டத்தில், பக்கத்தில் அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நோட்டோ செருப்போ வைத்து. கடைசியாக இடையில் நிறுத்தாமல் நடந்துகொண்டே ஒரு வீடியோ. தனித்தனிப் படங்களை "வேறு இடத்தில் எடுத்தது" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம், ஒரே ஓட்டமான வீடியோவை அப்படிச் சொல்வது கடினம். இதையெல்லாம் சாலையில் ஓடும் வண்டிகளைப் பார்த்து, ஓரத்திலும் மீடியனிலும் நின்றே செய்ய வேண்டும். கூட ஒருவர் போக்குவரத்தைக் கவனிக்க வேண்டும். நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்காரர்கள் (1033-ல் அழைத்தால் வருபவர்கள்) வண்டிகளை நகர்த்தும் முன்பே தங்கள் போனில் படம் எடுத்திருந்தார்கள். கேட்டதும் கொடுத்தார்கள். அந்தப் படங்களில் லாரியின் முன்பகுதி வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது தடத்தில் நின்றிருந்தது. எங்கள் கையில் இருந்ததிலேயே வலுவான ஆவணம் அதுதான்.

இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால், எடுத்த நேரமும் இடமும் அடங்கிய உள்தகவல் அழிந்துவிடும். மூலக் கோப்பையே கேபிள் வழியாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ வாங்க வேண்டும். எடுத்த போனையும் விற்காமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. இப்போது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் எண்ணையும் சான்றிதழில் குறிப்பிட வேண்டும், நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். படம் இருந்தும் சான்றிதழ் இல்லாமல் தடுமாறியவர்களை நீதிமன்ற வராண்டாவில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வண்டிகள். லாரியின் பின்பக்கத்தில் கார் மோதியிருந்தால் காரின் பம்பரின் நடுப்பகுதியும் பானெட்டும் நசுங்கியிருக்க வேண்டும், லாரியின் பின்பக்கத் தடுப்புக் கம்பியில் அடையாளம் இருக்க வேண்டும். லாரியின் பின்பக்கம் பழைய தூசியோடு அப்படியே இருந்தது. காரில் அடி இரண்டு இடத்தில்: ஒன்று மீடியனில் இடித்த வலது முன்மூலை, மற்றது இடது பக்க ஃபெண்டரும் முன்கதவும். அந்த இடது கதவில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வில் வில்லாக வளைந்த கீறல்கள். சுழலும் லாரிச் சக்கரத்தின் நட்டுகள் உரசினால்தான் அந்த வடிவம் வரும். அதற்குச் சற்று மேலே லாரி பம்பரின் மஞ்சள் பெயின்ட். லாரியில் உடைந்திருந்தது வலது முன் இண்டிகேட்டரும் பம்பரின் வலது முனையும்.

கீறல்கள் காரின் முன்னாலிருந்து பின்னோக்கி ஓடியிருந்தன. அதாவது கார் லாரியைவிட வேகமாகப் போயிருக்கிறது. இதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் மாப்பிள்ளை லாரியைத் தாண்டிக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. தாண்டும் வண்டி வேகமாகத்தான் போகும். அடி விழுந்தது கதவில் என்றால் கார் ஏற்கெனவே லாரியின் முன்மூலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அந்த டிரைவர் வலது கண்ணாடியைப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நமக்கு எதிராகத் தோன்றும் அடையாளத்தையும் மறைக்காமல் முன்வைத்ததால்தான் மற்றவை நம்பப்பட்டன என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை இரண்டு வண்டிகளுக்கும் உண்டு. பிரேக் வேலை செய்ததா, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா என்று எழுதுவதோடு, சேதங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவார். பலர் தங்கள் வண்டியின் அறிக்கையை மட்டும் வாங்குகிறார்கள். எதிர் வண்டியின் அறிக்கைதான் பல நேரம் வழக்கைத் திருப்புகிறது. லாரியின் அறிக்கையில் பின்பக்கச் சேதம் என்று ஒரு வரிகூட இல்லை, முன் வலது மூலை பற்றி மட்டுமே இருந்தது. ஆய்வு முடிந்து லாரி விடுவிக்கப்பட்டதும் பழுது பார்த்துவிடுவார்கள், அதற்குப் பிறகு இந்தக் காகிதம் மட்டுமே மிஞ்சும். நம் காரையும் ஆய்வாளரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்த்து, நாமும் எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கும்வரை டிங்கரிங்குக்கு விடக் கூடாது. சில கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகியிருக்கும். காரை "டோட்டல் லாஸ்" என்று, அதாவது சரிசெய்து பயனில்லை என்று, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் அது பற்றி வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.

போலீஸ் பக்கம். ஒரு எஃப்.ஐ.ஆர். நமக்கு எதிராகப் பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. தங்கை பெயரில் எதிர்ப் புகார் கொடுத்தோம். முதலில் வாங்கவில்லை. எழுத்துமூலமான புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சட்டமே அந்த வழியைக் கொடுத்திருக்கிறது. அதன் பிறகு வழக்கு பதிவானது. ஒரே சம்பவத்தில் வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து எது உண்மை என்று முடிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை 588-ஏ சொல்கிறது. வழக்கறிஞர் இதை மனுவில் குறிப்பிட்டார். புகாரோடு படங்களின் பிரதிகளையும் இணைத்தோம். போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரையும் வரைபடத்தையும் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். வரைபடத்தில் மோதிய இடம் எந்தத் தடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பது உங்கள் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால், அப்போதே எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட வேண்டும்.

மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விபத்து எப்படி நடந்தது என்று முதலில் பதிவாகும் காகிதம் அது. பதற்றத்தில் ஓடிவந்த உறவினர் யாராவது "ஏதோ வண்டி இடிச்சிருச்சு", "தானா போய் மோதிட்டாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் அப்படியே ஏறிவிடும், மூன்று வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் வாசிப்பார். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மது வாடை இல்லை என்று மருத்துவர் கண்டிருந்தால் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாப்பிள்ளையின் வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை பெல்ட் அழுத்திய கன்றல் இருந்ததை ஒரு மருத்துவர் குறித்துவைத்திருந்தார். சீட் பெல்ட் போடவில்லை என்ற வாதம் அந்த ஒரு வரியில் விழுந்தது.

இனி கடிகாரங்கள். நெடுஞ்சாலையில் ஆள் பார்க்காவிட்டாலும் நேரத்தைக் குறிக்கும் இயந்திரங்கள் பல இருக்கின்றன. செங்குறிச்சி சுங்கச்சாவடியை கார் எப்போது தாண்டியது என்பது ஃபாஸ்டேக் கணக்கில் இருந்தது. 108-க்கு அழைப்பு வந்த நேரம் அவர்கள் பதிவில் இருந்தது. தூரத்தை அந்த இடைவெளியால் வகுத்தால் சராசரி வேகம் எண்பதைத் தொடவில்லை. சராசரியை வைத்து அந்த நொடியின் வேகத்தைச் சொல்ல முடியாது, அப்படி வாதிடவும் கூடாது. ஆனால் "உளுந்தூர்பேட்டையிலிருந்தே பறந்து வந்தார்" என்ற கூற்றை அது உடைத்தது. லாரியின் ஃபாஸ்டேக் விவரத்தைத் தீர்ப்பாயத்தின் மூலம் வரவழைத்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. இரவு முழுவதும் இடைவெளியே இல்லாமல் சாவடி சாவடியாக அந்த லாரி ஓடிவந்திருந்தது.

விபத்து நடந்த இடத்துக்கு முன்பே ஒரு பெட்ரோல் பங்க். அதன் கேமரா சாலையின் ஒரு துண்டைப் பிடித்திருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்விளக்கு இல்லாமல், மெதுவாகப் போகிறது. சில நிமிடம் கழித்து லாரி, அதன் பின்னால் கார். மோதல் அதில் இல்லை. ஆனால் லாரி ஏன் திடீரென்று வலப்பக்கம் ஒடித்தது என்பதற்கு அந்த டிராக்டர்தான் காரணமாக இருக்க முடியும். இத்தகைய பதிவுகள் சில நாட்களில், மிஞ்சிப்போனால் ஒரு மாதத்தில், தானாக அழிந்து புதிது எழுதப்பட்டுவிடும். பங்க் மேனேஜரிடம் அன்றே பேசி, "தயவுசெய்து அழியாம வைங்கண்ணே, போலீஸ் கடிதம் கொண்டுவர்றேன்" என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், தனியாக எடுத்துவைத்தார். பதிவுப் பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைவிடச் சில நிமிடம் முந்தியிருந்தது. அதன் திரையையும் என் போனில் ஓடும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துவைத்தேன். அந்தப் படம் இல்லாவிட்டால் ஃபாஸ்டேக் நேரமும் கேமரா நேரமும் ஒத்துப்போகாமல் இரண்டுமே சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும்.

நடுவில் ஒருவர் வந்து, "ஒரு ஆளை நிறுத்திடலாம், டீ குடிக்க நின்னப்ப பாத்ததா சொல்வாரு" என்றார். தங்கை உடனே மறுத்துவிட்டாள். "அண்ணா, இருக்கிற உண்மையே போதும்ணா" என்றாள். அறத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது வழக்கைக் கொல்லும். விளக்கே இல்லாத இடத்தில் விடியற்காலையில் நின்றதற்குக் காரணம் கேட்டால் அந்த ஆளால் தாங்க முடியாது. ஒரு பொய்சாட்சி பிடிபட்டால் உண்மையான படங்களும் சேர்ந்து சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

இழப்பீடு கேட்கும் எம்.சி.ஓ.பி. மனுவை திருச்சியிலேயே போட்டோம். விபத்து நடந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன, ஆனால் அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

மாப்பிள்ளை கூண்டேறியபோது அவருக்கு மோதிய கணம் நினைவில் இல்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு இது சாதாரணம். "லாரியைத் தாண்டிக்கிட்டிருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்குங்க. அப்புறம் ஆஸ்பத்திரிதான்" என்று மட்டும் சொன்னார். குறுக்கு விசாரணையில் எவ்வளவு இழுத்தும் அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. எதிர்த்தரப்பில் லாரி டிரைவர் சாட்சி சொல்ல வரவே இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் தன் அதிகாரியைத்தான் நிறுத்தியது, அவர் விபத்தைப் பார்க்காதவர். நடந்ததை முழுவதும் அறிந்த ஒரே ஆள் கூண்டேற மறுத்தால், வந்து சொல்லியிருந்தால் அது அவருக்கே எதிராக இருந்திருக்கும் என்று தீர்ப்பாயம் அனுமானிக்கலாம். எங்கள் தீர்ப்பில் அதற்கென்றே ஒரு பத்தி இருந்தது.

எல்லா விபத்தும் எங்களுடையது போல இருக்காது. இரவில் விளக்கில்லாமல் நிறுத்திவைத்த லாரியில் மோதியது என்றால், பின்னால் பிரதிபலிப்பான் பட்டை இருந்ததா, எச்சரிக்கை முக்கோணம் வைத்தார்களா, லாரியின் எவ்வளவு பகுதி தார்ப்பரப்பில் நின்றது என்பதைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும். ஆபத்தான நிலையில் வண்டியை விட்டுச்செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடை செய்கிறது. பின்னால் இருந்து மோதியவர் மீதே எப்போதும் தவறு என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. 2017-ல் கோவையில் முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போட, பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்து, பின்வந்த பேருந்து ஏறி காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டுநர் மீது 50 சதவீதம், பேருந்து மீது 30, மாணவர் மீது 20 என்று பொறுப்பைப் பிரித்தது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் அதே சட்டத்தின் 161-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. தவறை நிரூபிக்கவே வழியில்லாத நிலையில் 164-ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்.

எங்கள் வழக்கில் லாரி மீது 80, மாப்பிள்ளை மீது 20 என்று தீர்ப்பு. தாண்டும்போது கனரக வாகனத்தோடு இன்னும் இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பது காரணம். இழப்பீட்டில் அந்த ஐந்தில் ஒரு பங்கு கழிந்தது. அது நியாயமில்லை என்றே இன்றும் கருதுகிறேன். லாரி எந்த நொடியில் தடம் மாறியது, எந்த வேகத்தில் மாறியது என்று தெரிந்திருந்தால் அந்த 20 நின்றிருக்காது. அந்த லாரியில் ஜி.பி.எஸ். இருந்தது. தீர்ப்பாயம் கேட்டபோது, பழைய பதிவு சேவை நிறுவனத்திடம் இல்லை என்று பதில் வந்தது. அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: வண்டி எண் தெரிந்த அந்த வாரத்திலேயே உரிமையாளருக்கும் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், இந்தத் தேதி, இந்த நேரத்துக்குரிய ஜி.பி.எஸ். பதிவையும் டேஷ்கேம் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் மூலம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்த பிறகு பதிவு காணாமல் போனால், ஏன் போனது என்று தீர்ப்பாயத்தில் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.